சூரியம்மா காம்பவுண்டு

என் மாமியாரைச் சனி என்று வரைந்தது நான்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் கொஞ்சமாவது தெரியும்.

காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் ஒரு சின்ன இடத்தில் வேலை செய்கிறேன். மாடியில் ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், நான், எங்கள் முதலாளி. அன்னம் வேண்டும், கோபுரம் வேண்டும், மயில்கண் வேண்டும் என்று நெசவுக்காரர்கள் கேட்டு வருவார்கள். நான் அதைத் திரையில் கட்டம் கட்டமாகப் பிரிப்பேன். ஒரு கட்டம் என்பது ஓர் இழை. நான் ஒரு கட்டத்தை மாற்றி வைத்தால் தறியில் அன்னத்துக்கு மூக்கு கோணிக்கொள்ளும். ஏனாத்தூர் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்து மூன்று வருஷம் இயற்பியல் படித்தவள் இந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்று சிலர் கேட்பார்கள். கல்யாணமாகி வந்த தெருவுக்குப் பக்கத்தில் கிடைத்த வேலை இது. பிறகு பிடித்துப்போய்விட்டது.

ஒரு நாள் ஒரு கல்யாணப் பெண் வந்தாள். செயற்கைக்கோள் சம்பந்தமான ஏதோ வேலையில் இருக்கிறாளாம். அன்னமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம், முந்தானை முழுக்கக் கிரகங்கள் வேண்டும் என்றாள். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“நீதான் அதெல்லாம் படிச்சவளாச்சேமா. போடு.”

இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன். சூரியன் ஒரு பெரிய உருண்டை. புதன் ஒரு சின்ன உருண்டை. வெள்ளி ஓர் உருண்டை. ஜரிகை நிறத்தில் எல்லாமே ஒன்றுபோல் மின்னின. முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

“இன்னாம்மா இது, தட்டுல லட்டு அடுக்கி வெச்சாப்புல இருக்குது? இது முந்தானைமா. பந்தி இல்ல.”

வளையம் இருந்ததால் சனி மட்டும் லட்டு ஆகாமல் தப்பித்தது. மற்றவற்றை எப்படித்தான் வேறுபடுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, விளையாட்டாகச் செவ்வாய்க்கு ஒரு மீசை வைத்தேன். வெள்ளிக்கு ஒரு மூக்குத்தி. வியாழனுக்குத் தொப்பை ஏற்கெனவே இருந்தது, ஒரு பூப்போட்ட நைட்டி மட்டும் போட்டுவிட்டேன். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. கல்யாணப் பெண் கடைசியில் மனசு மாறி, அவள் அம்மா சொன்னபடி மயிலே போதும் என்று சொல்லிவிட்டாள். மயில் சேலை நெய்து போய்ச் சேர்ந்தது. மூஞ்சி வைத்த கிரகங்கள் என் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டன.

அப்போது ஆடி மாதம். புது டிசைன் கேட்டு வருகிறவர்கள் குறைவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் அவர்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தேன். சூரியம்மா காம்பவுண்டு என்று பேர் வைத்தேன். சூரியம்மாதான் வீட்டுக்காரம்மா. நடுவில் அவள் வீடு, சுற்றிலும் எட்டுக் குடித்தனம். புதன் எந்நேரமும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பவன். வெள்ளி கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உள்ளே வெந்துபோகிறவள், வெளியே வந்தால் மட்டும் பளபளவென்று வருவாள். பூமி, இந்தக் காம்பவுண்டிலேயே தன் வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் வருகிறது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிக்காட்டுபவள். செவ்வாய், தனக்கே தோஷம் என்று சொல்லிப் பெண் கிடைக்காதவன். வியாழனம்மா வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. அச்சு சாய்ந்துபோன யுரேனஸ் படுத்தபடியே வாழ்கிறவன். நெப்டியூன் கடைசி வீடு. காலைப் பேப்பர் எல்லார் கையும் மாறி அவனிடம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிடும். புளூட்டோவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பாயும் குடமுமாக அவன் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறான்.

அப்புறம் சனியம்மா.

சனியை வரைய உட்கார்ந்தபோது யாரையும் மனதில் வைத்து வரையவில்லை என்று சொன்னால் அது பொய். என் மாமியாருக்கு முழங்கால் வலி. வருஷக்கணக்காகத் தறிக்குழியில் உட்கார்ந்து மிதித்த கால்கள். இப்போது தறியில் உட்காருவதில்லை. பக்கத்து வீட்டுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறார். நடை ரொம்ப மெதுவு. ஆனால் அது காலால் மட்டும் வந்த மெதுவு இல்லை. தெருவில் இறங்கினால் ஒவ்வொரு வாசலிலும் நிற்பார், ஒவ்வொரு வீட்டுச் சமாச்சாரமும் கேட்பார், கேட்டதற்குப் பதிலும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாசலுக்கு நகர்வார். ஒரு தடவை சாம்பாருக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது நாங்கள் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டோம்.

சனி சூரியனை ஒரு தடவை சுற்றிவர முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. இதைப் படித்த எந்த மருமகளுக்கும் கை சும்மா இருக்காது. சனியம்மா கறிவேப்பிலை வாங்கப் போகிறாள். முப்பது வருஷம் கழித்து வருகிறாள். சூரியம்மா கேட்கிறாள், இவ்வளவு நேரமா என்று. “வழியில எல்லாரும் பேசுனாங்க. பேசாம வர முடியுமா?” என்கிறாள் சனியம்மா. அவளுக்கு மட்டும் நான் நல்ல அரக்கு நிறச் சேலை கட்டி, இடுப்பில் அகலமாக ஒரு தங்க ஒட்டியாணம் போட்டிருந்தேன். அந்தக் காம்பவுண்டிலேயே லட்சணமானவள் அவள்தான்.

படங்களைப் போனில் ஒரு பக்கம் திறந்து போட்டு வந்தேன். என் பேர் போடவில்லை. முதலில் முப்பது பேர் பார்த்தார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. கறிவேப்பிலைக் கதையைப் போட்ட வாரம் எங்கெங்கோ இருந்து அனுப்பிக்கொண்டார்கள். அதில் ஓர் அனுப்பல் ஆற்காட்டில் இருக்கும் என் நாத்தனாரின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. என் வீட்டுக்காரர், தன் மனைவி படம் போடுகிறாள் என்ற பெருமையில் தன் அக்காவிடம் மட்டும் எப்போதோ ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார். அக்கா அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். கூடவே சிரிக்கிற மூஞ்சி ஏழெட்டு. “அம்மா, நீ ஃபேமஸ் ஆயிட்ட!”

பத்து நிமிஷத்தில் ஒரு பெரியப்பா எழுதினார்: மருமகள் மாமியாரைச் சனி என்று ஊருக்குச் சொல்கிறாள், நல்ல காலம்.

என் மாமியார் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போடுகிறவர். நவக்கிரகத்தைச் சுற்றும்போதுகூடச் சனிக்கு நேர் எதிரில் நிற்கமாட்டார், ஓரமாக ஒதுங்கித்தான் கும்பிடுவார். வீட்டுக்குள் அந்தப் பேரையே சொல்லமாட்டார், “அவரு” என்றுதான் சொல்வார். நம் ஊரில் யாரையாவது திட்ட வேண்டுமென்றால் வாயில் முதலில் வருகிற சொல் அது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வரையும்போது எனக்கு அது வளையம் போட்ட கிரகமாக மட்டும்தான் இருந்தது. மூன்று வருஷம் இயற்பியல் படித்ததில் வந்த கோளாறு என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது மாமியார் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. ராட்டைச் சத்தம் மட்டும் கேட்டது. நான் காபி போட்டு எடுத்து வந்தேன். அவர் தன் மகனைப் பார்த்துச் சொன்னார்:

“சனிக்கு காபி வேணாம்னு சொல்லுபா.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் காபியைத் தானே எடுத்துக் குடித்துவிட்டார்.

அடுத்த மூன்று நாளும் வீட்டில் இப்படித்தான் நடந்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. “சனி குளிக்கப் போவுது, யாருனா வாளி போட்டு வெச்சிருந்தா எடுத்துக்கச் சொல்லு.” “சனிக்கு ரெண்டு இட்லி போதும்.” பால்காரர் வந்து கதவைத் தட்டினால், “சனிதான் இருக்குது, வா” என்று அவரிடமே சொன்னார். பால்காரர் பயந்துபோய் பாக்கெட்டை வாசலிலேயே வைத்துவிட்டு நகர்ந்தார். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுப்பங்கரைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பேன். சிரித்தது தெரிந்தால் இன்னும் மூன்று நாள் கூடும்.

நான்காம் நாள் முடியவில்லை. அவர் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

“அத்தை, மன்னிச்சிடுங்க. நான் அந்த அர்த்தத்துல போடல. இருக்கற கிரகத்துலயே அதுதான் அழகு.”

“அழகா இருந்தா மயில்னு போட வேண்டியதுதானே?”

நான் போனை எடுத்தேன்.

“எல்லாத்தையும் எடுத்துடறேன் அத்தை. இப்பவே எடுத்துடறேன்.”

“எடுத்துட்டா? படிச்சவங்க எல்லாம் மறந்துடுவாங்களா?” ராட்டையை நிறுத்தினார். “ஆற்காட்டுல படிச்சிட்டாங்க, எதிர் வீட்டுல படிச்சிட்டாங்க, உங்க முதலாளி படிச்சிட்டாரு. நான் ஒருத்திதான் படிக்கல. எனக்கு அந்த ஒரு படத்தத்தான் காட்டுனாங்க. மொத்தத்தையும் காட்டு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகனின் பெரிய போனைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார். எழுத்துக்கூட்டி இல்லை, சரளமாகவே படிப்பார். ஆனால் நடையைப் போலவே படிப்பும். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, ஆள் யார், என்ன உடுத்தியிருக்கிறான், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்குப் பெண் கிடைக்காத படத்தில் முதல் தடவை சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. வியாழனம்மா பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல் நம்பர் போட்டுக் கூப்பிடும் படத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த ஓடிக்கினே இருக்கறவன் யாருன்னு தெரியுதுபா உனக்கு?” என்று மகனைக் கேட்டார்.

“தெரியல.”

“உன் செருப்புதான் போட்டுக்கினு இருக்கான், பாரு.”

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “நான்தானா இது? முடியெல்லாம் நல்லா போட்டிருக்க!” என்றார். அவருக்கு முன்னந்தலை ஏறிக்கொண்டிருக்கிறது, படத்தில் நான் அதை விட்டுவிட்டேன்.

பூமி தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் படத்துக்கு வந்தபோது மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் படம் குரூப்பில் வந்த பிறகு முதல் முறை.

“இது நீதானேமா?”

“நானா? நான் என்னைப் போடவே இல்லையே அத்தை.”

“இந்த வூட்டுல நான் ஒருத்திதான் வேல செய்யறேன், நான் ஒருத்திதான் வேல செய்யறேன்னு சொல்லிக்கினே கிடக்கறது யாரு? அவளுக்குத்தான் தண்ணி வருதாம். போதாததுக்கு ஜுரம் வேற வந்துடுதாம் அடிக்கடி.”

என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து மொட்டை மாடிக்குப் போனார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். பூமிக்கு நான் போட்டிருந்தது என்னுடைய பச்சைச் சுடிதார். சத்தியமாக அதுவரை கவனிக்கவில்லை.

சனியம்மாவின் படங்களுக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. எல்லாம் முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்:

“ராகு, கேது எங்க?”

அதெல்லாம் நிஜக் கிரகம் இல்லை, கிரகணம் வரும் இடத்துக்கு அப்படிப் பேர் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

“அப்ப குடித்தனம் இல்ல. அப்பப்ப வந்து கரண்ட்ட கட் பண்ணிட்டுப் போறவங்க.”

நான் வாயைப் பிளந்தேன். இரண்டு மாதமாக ராகுவையும் கேதுவையும் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டு வைத்திருந்தேன்.

“இன்னொண்ணு கேக்கறேன். அவரு நெசமாவே இடுப்புல இத்தப் போட்டுக்கினுதான் இருக்காரா? வளையம்?”

“ஆமா அத்தை.”

“நீ பாத்தியா?”

பார்த்ததில்லை. படித்த மூன்று வருஷத்தில் கல்லூரியில் வானம் பார்க்க இரண்டு தடவை ஏற்பாடு செய்தார்கள். ஒரு தடவை மழை, ஒரு தடவை எங்கள் கடைசி பஸ் நேரம். புத்தகத்தில் பார்த்ததுதான், போனில் பார்த்ததுதான்.

“பாக்காமயேதான் ஒருத்தருக்கு ஒட்டியாணம் போட்டு, ஒருத்தருக்கு மீச வெச்சு, எல்லாருக்கும் காமிச்சுக்கினு இருக்கியா?” என்றார். “எனக்குக் காட்டு. பாத்துட்டுச் சொல்றேன் நான் யாருன்னு.”

என்னோடு படித்த தோழி ஒருத்தி அந்தக் கல்லூரியிலேயே இயற்பியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். அவளுக்குப் போன் போட்டு, என் மாமியார் சனியைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றேன். “உன் மாமியாரா? ஏன்டி, வீட்டுல எதுனா பிரச்சனையா?” என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். போனைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு பக்கத்தில் இருந்த முதலாளிக்கே கேட்டது. மாணவர்களுக்காக மாதம் ஒரு சாயங்காலம் டெலஸ்கோப்பை மொட்டை மாடிக்குக் கொண்டுபோவோம், அழைத்து வா என்றாள்.

முதல் தடவை போனபோது ஐப்பசி மழை. ஷேர் ஆட்டோ பிடித்து ஏனாத்தூர் போய் இறங்கினால், வானம் முழுக்கச் சாம்பல் கம்பளி போர்த்தியதுபோல இருந்தது. கேன்டீனில் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டோம். மாமியார் அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் பேச ஆரம்பித்து, அவள் முசரவாக்கத்துக்காரி என்று தெரிந்து, அவள் அம்மா யார் என்று தெரிந்து, அந்த அம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் நடந்தது என்பதுவரை தெரிந்துகொண்டார். வீட்டுக்குத் திரும்பும்போது சந்தோஷமாகத்தான் இருந்தார். “அவரு இன்னிக்கு வரல. நமக்கு பஜ்ஜி நல்லா இருந்துச்சு” என்றார். ‘நமக்கு’ என்று அவர் என்னைச் சேர்த்துச் சொன்னதை நான் பிடித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் கார்த்திகையில் மழை விட்ட ஒரு புதன்கிழமை. அன்றைக்குக் காற்று கழுவிவிட்டதுபோல இருந்தது. ஆறரை மணிக்கே நட்சத்திரங்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. டெலஸ்கோப் மூன்றாவது மாடிக்கு மேலே இருந்தது, லிஃப்ட் அங்கே போகாது. முழங்கால் தாங்காது அத்தை, வேண்டாம், என்றேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்றார். நிற்கும் இடத்தில் யாராவது ஒரு மாணவி இருப்பாள், அவளிடம் எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் மூச்சு திரும்பிவிடும். அந்த மெதுவான நடைக்குள் இப்படி ஒரு சூட்சுமம் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வலிக்கிறது என்று சொல்லாமல் நிற்க ஒரு வழி அது.

மாடிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார். “ஆன்ட்டி, வேணாம், தரை ஈரம்” என்று என் தோழி சொன்னாள். அவர் கேட்கவில்லை. டெலஸ்கோப் தெருவில் பதிக்கிற தண்ணீர்க் குழாய் அளவுக்குத் தடியாக, வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. கண் வைத்துப் பார்க்கும் இடம் அதன் பக்கவாட்டில் இருந்தது. மாமியார் குள்ளம், எட்டவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டார்கள். அவர் ஏறும்போது நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு கையை என் தோள் மேல் ஊன்றிக்கொண்டார். நல்ல கனம்.

“நேரா நிக்கக் கூடாதும்பாங்க அவருக்கு” என்றார், ஸ்டூல் மேலிருந்து.

“நேரா இல்ல அத்தை. இதுல பக்கவாட்டுலதான் பாக்கணும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க.”

“நல்லா செஞ்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டுக் குனிந்தார்.

பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். மாமியார் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார், இன்னொரு கை என் தோள் மேலேயே இருந்தது.

“உருண்டையா இருக்குது. பால் நெறம்... கொஞ்சம் சந்தன நெறம்.” இன்னும் குனிந்தார். “வளையம் எங்க?”

நான் திரும்பிப் பார்த்தேன். என் தோழி முன்னால் வந்தாள். இந்த வருஷம் வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது ஆன்ட்டி, பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி ஆகும், அதனால் மெல்லிசாக ஒரு கோடு மட்டும்தான் தெரியும் என்றாள். இதை முன்கூட்டியே ஏன்டி சொல்லவில்லை என்று அவளை முறைத்தேன். நீ கேட்டியா என்று அவள் என்னை முறைத்தாள்.

“கோடு இருக்குது, இருக்குது. மணியில ஊசி கோத்தாப்புல” என்றார் மாமியார். “இன்னாத்துக்கு அந்தப் பொண்ண முறைக்கற? ஜரிக பார்டரு எவ்ளோ அகலமா இருந்தாலும் ஓரத்துலருந்து பாத்தா ஒரு எழைதானே தெரியும்?”

மறுநாள் ஆய்வக வகுப்பில் அதையே சொல்லி விளக்கியதாக என் தோழி பிறகு சொன்னாள்.

“ஐயையே, போறாரு, போறாரு! மெதுவா போவாருன்னீங்க, இவ்ளோ வேகமா போறாரே?”

“அது போகல ஆன்ட்டி. நம்ம பூமிதான் சுத்துது.”

“அதான் தெரியுமே, பூமிக்கு நிக்க நேரமேது” என்று சொல்லி என் தோளை ஒரு அழுத்து அழுத்தினார். தோழி டெலஸ்கோப்பை லேசாகத் தள்ளிச் சனியை மறுபடி நடுவில் கொண்டுவந்தாள். மாமியார் இன்னும் ஒரு முறை ஆசை தீரப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பிறகு யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்:

“அவரு பார்வ பட்டா ஆவாதுன்னு ஒதுங்கி ஒதுங்கியே நின்னேன் இத்தினி வருஷமா. இன்னிக்கு நான் பாத்துட்டேன் அவர.”

நானும் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சின்ன மணி, குறுக்கே மயிரிழையாக ஒரு கோடு, பக்கத்தில் ஒரு புள்ளியாக அதன் நிலா. புத்தகத்தில் இதைவிட ஆயிரம் மடங்கு அழகாகப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இது அச்சடித்தது இல்லை, இந்த நேரத்தில் அங்கே அது இருக்கிறது. பின்னால் நின்ற பையன் “அக்கா, முடிஞ்சுதா?” என்று கேட்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

“வளையம் தெரியாம போச்சேன்னு எனக்கு வருத்தமா இருக்கு அத்தை. ஆசையா கூட்டிட்டு வந்தேன்.”

“அதுக்கு இன்னாம்மா? பீரோல வெச்சிருப்பா. தெனமுமா போட்டுக்கினு திரிவா?”

அவர் ‘அவரு’ என்பதை விட்டு ‘அவ’ என்று சொன்னார். என் சனியம்மாவைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு தெரு தூரம் ஆனது. ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். மாமியாரும் சிரித்தார், இந்தத் தடவை சத்தமாகவே.

“அத அப்படியே போடு” என்றார். “ஒட்டியாணம் எங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. அவ இதச் சொல்றா. சேலய மட்டும் மாத்து. அரக்கு எனக்கு எடுக்காது. மாம்பழக் கலர் போடு, பச்ச பார்டரு.”

போட்டேன். ஒட்டியாணம் இல்லாத சனியம்மா, மாம்பழ நிறச் சேலையில், காம்பவுண்டு முழுக்க மூக்கில் விரல் வைத்துக் கேட்க, கையை வீசிக்கொண்டு பதில் சொல்கிறாள். இதுவரை நான் போட்டதில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். குடும்ப குரூப்பில் அதை மாமியாரே போட்டார். எதிர் வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து, எப்படி அனுப்புவது என்று கேட்டு, தானே அழுத்தி அனுப்பினார். கீழே குரலில் ஒரு செய்தி: “நான்தான் சனி. யாருக்கு இன்னா?” பெரியப்பா ஒரு கும்பிடு மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை கூடிப்போனது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், ராட்டையைச் சுற்றிக்கொண்டே நாளின் யோசனைகளைச் சொல்வார். புளூட்டோவை வெளியில் நிற்க வைத்தது பாவம், வாட்ச்மேன் வேலையாவது கொடு. நெப்டியூனுக்குக் குளிரும், ஒரு ஸ்வெட்டர் போடு. ராகுவும் கேதுவும் ஏணியோடு வந்து மெயினை அணைத்துவிட்டு, டீ குடிக்கக் காசு கேட்டு நிற்கும் படம் முழுக்க அவருடைய கற்பனை. எல்லா யோசனையும் நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். சூரியம்மாவுக்கு ஒரு வீட்டுக்காரர் வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறார். அதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் தகராறு நடக்கிறது.

பொங்கலுக்கு நாத்தனார் ஆற்காட்டிலிருந்து வருவதாகப் போன் செய்தார். பேச்சோடு பேச்சாக, எல்லாரையும் போட்டாச்சு, என்னை மட்டும் விட்டுட்டீங்களே என்று கேட்டாராம். மாமியார் போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“வாலோட வருமே ஒண்ணு, எப்பவோ ஒரு தடவ? சூரியன் கிட்ட வந்தா வால் நீளும்னு சொன்னியே?”

“வால் நட்சத்திரம்.”

“அவளேதான். வரும்போது ரெண்டு பை. அம்மா வூட்டுலருந்து கெளம்பும்போது பாரு, அஞ்சு பை.”

நான் பயந்தேன். ஒரு தடவை பட்டது போதாதா? ஆனால் மாமியார் விடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து வரைய வைத்தார். ஊறுகாய் ஜாடி, அரிசி முறுக்கு டப்பா, சேலைக் கவர், வாழைத்தார் என்று பிதுங்கும் ஐந்து பையும் வரிசையாக வாலில் கட்டிப் பறக்கிற மாதிரி.

நாத்தனார் வந்த அன்றைக்கே அதைக் காட்டினோம். அடுப்பங்கரையில் நின்றபடி, கரும்பைக் கடித்துக்கொண்டே பார்த்தார். கடிப்பதை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார். நாத்தனார் விரலால் படத்தைப் பெரிதாக்கி, வாலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“அஞ்சு பைதான் போட்டிருக்க” என்றார் என்னிடம். “போன தடவ ஆறு. அம்மி ஒண்ணு எடுத்துக்கினு போனேனே, மறந்துட்டியா? போடறத சரியா போடு.”

அம்மியையும் போட்டேன். அது கனமாக இருந்ததால் வாலின் கடைசியில் கொஞ்சம் தொங்குகிற மாதிரி வந்தது.